பத்துக்கு ஏழு

மார்ச் 3, செவ்வாய்

இந்த நேரத்தில் உன்னைத் திறந்ததற்கு மன்னிச்சுக்கோ, நோட்டே. மணி பன்னிரண்டே கால். நோட்டிடம் யாராவது மன்னிப்பு கேட்பார்களா? நான் கேட்பேன். கதவில் இடித்துக்கொண்டால் கதவிடமும் கேட்கிறவள்.

பட்டாணிக்கு, என் குட்டிப் பெண்ணுக்கு, இன்றோடு பதினோரு வாரம். இப்போதுதான் கண் அசந்தாள். அவளுடைய அப்பா சுவர் பக்கம் திரும்பி அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறார். நாள் முழுக்க யார் யாருடைய கட்டடத்திலோ லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு வருகிற மனிதர், தூங்கட்டும்.

உன்னைத் தவிர என்னிடம் ஒரு தாளும் இருக்கிறது. போன வாரம் தடுப்பூசி போடுகிற நிலையத்தில் நர்ஸ் அக்கா கொடுத்தது. "குழந்தைக்கு ஊசி, அம்மாவுக்கு இது" என்று சிரித்துக்கொண்டே நீட்டினார். தினமும் ஐந்து கட்டம். வெயிலில் பத்து நிமிஷம். கொஞ்சம் நடை. வீட்டுக்கு வெளியே ஒருவரோடு பேச்சு. இன்று நடந்த நல்லது ஒன்று. குழந்தை தூங்கும்போது நீயும் தூக்கம். கடைசியில் ஒரு கேள்வி: இன்று மனசு எப்படி, பத்துக்கு எவ்வளவு?

இன்றைக்கு எல்லாக் கட்டத்திலும் சரி போட்டேன். மனசு ஆறு என்று எழுதினேன். அத்தனையும் பொய். அதனால்தான் உன்னை வாங்கினேன். ஒரு இடத்திலாவது உண்மை இருக்கட்டும்.

உண்மை இது. போன வாரம் பால்கனியில் காய்ந்த துணி எடுக்கப் போனேன். தோளில் பட்டாணி. மூன்றாவது மாடி. கீழே வரிசையாகச் சைக்கிள்கள். அப்போது — கையை விட்டுட்டா? — குரல்கூட இல்லை, ஒரு படம். விழுகிற படம். முழுசாக வந்தது. துணியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடி வந்து கதவைத் தாழ் போட்டேன். அந்தத் தாழை இன்னும் திறக்கவில்லை.

நான் கையை விடவில்லை. விட மாட்டேன். விட மாட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 4, புதன்

வெயில் பத்து நிமிஷம் — சரி போட்டேன். போகவில்லை.

மார்ச் 5, வியாழன்

வியாழன்தோறும் நிலையத்தில் அம்மாக்கள் கூட்டம். ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, ஆறு குழந்தை, ஆறு விதமான அழுகை. நர்ஸ் அக்கா நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவர் தாளையும் வாங்கிப் பார்ப்பார்.

எனக்குப் பக்கத்தில் ஒரு தையல்காரி. பையன் பிறந்து இரண்டு மாசம். வாய் ஓயாது. "அக்கா, வெயில்ல பத்து நிமிஷம்னா, அலசிப் போட்ட துணி மாதிரி நானும் கிடக்கணுமா? திருப்பிப் போட ஆள் வேணாமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மனசு எவ்வளவு என்று கேட்டதும் சட்டென்று, "ரெண்டு. அதுவும் உங்களுக்காக" என்றாள். எவ்வளவு தைரியம்.

அடுத்தது என் தாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் பொய் எண் எழுதத் தெரியும். தண்ணீர் பாட்டில் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் நாலு வருஷம் வேலை. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி சோதனையே செய்யாமல் தண்ணீரின் pH அளவைத் தினமும் 7.2, 7.2, 7.2 என்று எழுதி மாட்டிக்கொண்டாள். எங்கள் மேலாளர் சொன்னார்: "தண்ணி ஒரே மாதிரி வராதும்மா. ஒரே மாதிரி வந்தா அது தண்ணியில்ல, நீ." அதை நான் மறக்கவில்லை. அதனால் என் தாளில் ஆறு, ஏழு, ஐந்து, ஏழு. நடுவில் ஒரு நாள் நாலு போட்டு, பக்கத்தில் 'குழந்தைக்கு வயிற்று வலி' என்று காரணமும் எழுதினேன். அந்த நாலுதான் மற்ற எல்லாவற்றையும் நம்ப வைத்தது.

நர்ஸ் அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "பாருங்க, இப்படித்தான் ஏறி இறங்கி மேல வரும். எப்படிம்மா பண்றே?" என்றார். நான் பதில் சொன்னேன்! காலையில் ஜன்னல் திறப்பேன், பட்டாணிக்கு வெளிச்சம் காட்டுவேன், ஒரு டம்ளர் தண்ணீரை நிதானமாகக் குடிப்பேன்... எங்கிருந்து வந்தது இத்தனையும்?

"உன் பேரை மறைச்சிட்டு இதை நகல் எடுத்து மத்தவங்களுக்குக் குடுக்கட்டுமா?"

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? தலையாட்டினேன்.

மார்ச் 7, சனி

எங்கள் கட்டடத்து லிஃப்ட் மூன்று மாசமாக ஓடவில்லை. "ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் ஏத்தி இறக்கறேன், நம்ம வீட்டுது மட்டும் மூச்சே விட மாட்டேங்குது. இது வேற கம்பெனிக்காரன் பொறுப்பு, நான் கை வச்சா என் கையைத்தான் கழட்டுவான்" என்று இவர் தினமும் ஒரு தடவை புலம்புவார்.

எனக்கு அது புலம்பல் இல்லை. மூன்று மாடி, ஐம்பத்து நாலு படி. பட்டாணியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியிலும் அந்தப் படம். இன்று மருந்துக் கடைக்குப் போய் வருகையில் ஒவ்வொரு திருப்பத்திலும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தரையில் உட்கார்ந்தால் அதற்குக் கீழே விழ இடமில்லை. எதிரே இறங்கி வந்த பெரியவர், "மூச்சு வாங்குதாம்மா?" என்றார். "ஆமாங்க" என்றேன்.

குளிப்பாட்டுவதையும் இவரிடம் தள்ளிவிட்டேன். முதுகு வலி என்று சொல்லியிருக்கிறேன். பாவம், வேலை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் தைலம் தேய்த்துவிடுகிறார். வலிக்காத முதுகுக்கு.

மார்ச் 9, திங்கள்

நாத்தனார் ஃபோன். இவருடைய அக்கா. பள்ளிக்கூட டீச்சர். ஃபோனிலும் வருகைப் பதிவு எடுப்பார்.

"எடை ஏறிச்சா?"

"ஏறிச்சு அண்ணி."

"பால்?"

"போதுமா இருக்கு அண்ணி."

"நீ என்னமோ தாள்ல மார்க் போட்டுக்கறியாமே? தம்பி சொன்னான். நாங்கல்லாம் ரெண்டு பெத்தோம், எங்களுக்கு யார் மார்க் போட்டா?"

சிரித்து வைத்தேன். பிறகு அவராகவே ஆரம்பித்தார். அவர் பள்ளியில் படிக்கிற ஒரு பையனுடைய அம்மாவுக்கு மனசு சரியில்லையாம். ஏதோ ஏடாகூடமாகச் சொன்னாளாம். கைக்குழந்தையைத் தனியாக அவளிடம் விடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். இப்போது குழந்தை யாரோ உறவுக்காரர் வீட்டில். "ஒரு வார்த்தைதான். வாயைக் குடுத்து வம்பை வாங்கிட்டா, பாவம்."

அந்தக் கதையை எனக்கு ஏன் சொன்னார்? சும்மாதான் சொல்லியிருப்பார். ஆனால் ஃபோனை வைத்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வார்த்தைதான்.

மார்ச் 10, செவ்வாய்

கத்தரிக்கோலைப் பரண் மேல் போட்டேன். இவர் தேடினார். தெரியாது என்றேன்.

மார்ச் 12, வியாழன்

ஆறு பேர் கையிலும் என் தாளின் நகல். என் கையிலும் ஒன்று! என் பொய்யை எனக்கே விநியோகித்தார்கள்.

தையல்காரி இன்று ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. முடிந்து வெளியே வரும்போது நடையில் என்னை நிறுத்தினாள்.

"அக்கா, அது உங்க தாள்தானே? போன வாரமே நர்ஸ் அக்காகிட்ட ஒண்ணு கேட்டு வாங்கிட்டுப் போனேன். ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கேன். தினம் பார்க்கறேன்."

"அதெல்லாம் எதுக்குங்க..."

"இல்லக்கா. உங்களுக்கும் கைக்குழந்தை. உங்களுக்கும் ராத்திரி தூக்கம் கிடையாது. நீங்க ஜன்னலைத் திறந்தா ஏழு வருது. நானும் திறந்தேன். ஒண்ணுதான் வருது." சிரித்தாள். "அப்போ கோளாறு ஜன்னல்ல இல்ல, என்கிட்டதான். சில பேருக்கு அம்மாவா இருக்க வராது போல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போகப் போகச் சரியாயிடும்" என்றேன்.

கோழை. கோழை. கோழை. அவள் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "எங்க வீடு பொத்தான் கடைக்கு மேல் மாடிதான், ஒரு நாள் வாங்க" என்று சொல்லிவிட்டுப் பையனைத் துணியில் சுற்றிக்கொண்டு போனாள்.

மார்ச் 13, வெள்ளி

இன்று தாளில் எட்டு எழுதினேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

இவர் வீட்டில் இருந்ததால் ஒரு தைரியம். பட்டாணியைத் தூக்கிக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து ஐம்பத்து நாலு படியும் இறங்கினேன். கீழே சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில், கடைசிப் படியில் ஒரு துண்டு வெயில். அங்கே உட்கார்ந்தேன். பட்டாணி என் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விட்டாள். அவள் காது மடலில் வெயில் பட்டுச் சிவப்பாகத் தெரிந்தது. மெல்லிய காது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்தபோது மணி பார்த்தேன். பன்னிரண்டு நிமிஷம். அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் படம் வரவில்லை.

திரும்ப மேலே ஏறும்போது வந்தது. இருந்தாலும்.

உண்மையான எண், முதல் தடவையாக, உன்னிடம் மட்டும்: மூன்று.

மார்ச் 18, புதன்

மூன்று நாளாகக் கடைசிப் படி. இரண்டு, மூன்று, இரண்டு. தாளில் ஏழு, ஆறு, ஏழு.

மார்ச் 19, வியாழன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

தையல்காரியின் நாற்காலி காலி. நர்ஸ் அக்கா பொதுவாகச் சொன்னார்: "நேத்து ஃபோன்ல பேசினேன். 'என் இடத்தை நல்ல அம்மா யாருக்காவது குடுங்க'ன்னு சொல்லிட்டு வச்சிட்டா. இன்னிக்கு எடுக்கலை. சாயந்திரம் ஊசி வேலை முடிஞ்சதும் நேர்ல போய்ப் பார்க்கறேன்."

நல்ல அம்மா. அது யார் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாள் என்னுடையது.

சாயந்திரம் வரை எப்படிக் காத்திருப்பது? வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டுப் பொத்தான் கடையை விசாரித்துக்கொண்டு நடந்தேன். பட்டாணி தோளில். இரும்பு மாடிப்படி, இடைவெளி வழியே கீழே தெரு தெரிகிறது. படியும் உயரமும், நான் பயந்த இரண்டும் ஒரே இடத்தில். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். வழியில் நான் உட்காரவில்லை. இப்போது எழுதும்போதுதான் அது தெரிகிறது.

மூன்று தடவை தட்டிய பிறகு திறந்தாள். தலை வாரவில்லை. உள்ளே பையன் வீறிட்டுக்கொண்டிருந்தான், அவளுக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், போய் எட்டு நாள், வர இன்னும் நாலு நாள். ஃப்ரிட்ஜில் என் தாள். அதன் பக்கத்தில், துணியில் கோடு போடுகிற சாக்கட்டியால், அலமாரிக் கதவில் அவளுடைய எண்கள். ஒன்று, ஒன்று, சைபர், ஒன்று, சைபர், சைபர்.

"அது பொய்" என்றேன்.

"எது அக்கா?"

"அந்தத் தாள். நானே உட்கார்ந்து எழுதினது. ஏழும் இல்ல, ஆறும் இல்ல."

தலையை ஆட்டினாள். "எனக்காகச் சொல்றீங்க. நீங்க நல்லவங்க."

நம்பவே மாட்டேன் என்கிறாள்! அவ்வளவு நன்றாகப் பொய் எழுதியிருக்கிறேன். உண்மையை நம்ப வைக்க என்னிடம் வேறு சாட்சி ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னேன். பால்கனி. கை. விழுகிற படம். தாழ்ப்பாள், கத்தரிக்கோல், வலிக்காத முதுகு. சொல்லிக்கொண்டே பட்டாணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன், அவள் சிணுங்கினாள். சொல்லி முடித்ததும், போச்சு, இனி என்னை யாரும் இவளோடு தனியாக விட மாட்டார்கள் என்று நினைத்தேன்.

அவள் மெதுவாக, "எனக்கு அப்படி இல்லக்கா. எனக்குப் பஸ்" என்றாள்.

"பஸ்ஸா?"

"ஸ்டாப்ல நிக்கும்போது... பையனைப் பக்கத்துல நிக்கிற யார்கிட்டயாவது குடுத்துட்டு, நான் மட்டும் ஒரு அடி முன்னாடி வச்சா போதும்னு. இன்னிக்குக் காலையில அதுக்குத்தான் கிளம்பினேன். செருப்பு வார் அறுந்துடுச்சு. திரும்பி வந்துட்டேன்."

வாசலில் அந்தச் செருப்பு கிடந்தது.

என் பயமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. வேறு பயம் வந்தது, ஆனால் அது காலுக்குத் தெம்பு கொடுக்கிற பயம். அவள் பையனைத் தூக்கி மடியில் போட்டேன். ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் பட்டாணி. அவள் எதிரிலேயே நர்ஸ் அக்காவுக்கு ஃபோன் போட்டு, "சாயந்திரம் இல்லக்கா, இப்பவே வாங்க" என்றேன். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் தடுக்கவில்லை.

நர்ஸ் அக்கா வருகிற வரை இருபத்தைந்து நிமிஷம். நடுவில் அவளே கேட்டாள்: "அப்போ அந்த நாலு? வயித்து வலின்னு எழுதியிருந்தீங்களே?"

"அதுவும் பொய். நம்பணுமேன்னு போட்டது." அந்த 7.2 பெண்ணின் கதையையும் சொன்னேன்.

"அடிப்பாவி" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். நானும்.

நர்ஸ் அக்கா மூச்சிரைக்க வந்தார். "அந்த நினைப்பு இன்னும் இருக்கா?" என்று ஒரு கேள்விதான் கேட்டார். அவளை உடனே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார், பையனையும் சேர்த்து. ஏறும்போது நான், "என் தாள் பொய்யக்கா" என்றேன். திரும்பி ஒரு பார்வை பார்த்தார். "அப்புறம் பேசலாம்மா. நீ ஜாக்கிரதையா வீட்டுக்குப் போ."

தாள் பொய் என்று மட்டும்தான் சொன்னேன். பால்கனியைச் சொல்லவில்லை. அவளிடம் வந்த வாய் அவரிடம் வரவில்லை.

மார்ச் 20, வெள்ளி

அவளை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்களாம். அவளுடைய அம்மா வந்துவிட்டார்கள். பையன் அவள் கூடவேதான் இருக்கிறான்! இதை நர்ஸ் அக்கா ஃபோனில் சொன்னதும் இரண்டு தடவை கேட்டேன். "ஆமாம்மா, கூடத்தான். பால் குடிக்கிற பிள்ளையை எதுக்குப் பிரிக்கணும்?"

காலையில் இவர் வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டும்போது சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

ஒரு ஷூவோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு கை நீட்டிப் பட்டாணியை வாங்கிக்கொண்டார். அரை மணி நேரம் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த அரை மணி நேரத்தை என் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்.

கடைசியில் சொன்னார்: "நான் ஒவ்வொரு தடவை லிஃப்ட் கூண்டு மேல ஏறும்போதும் கயிறு அறுந்துட்டா என்னன்னு நினைப்பு வரும். பத்து வருஷமா. யார்கிட்டயும் சொன்னதில்ல."

"சொல்லியிருக்கலாமே?"

"நீ பயந்துடுவியேன்னு."

பட்டாணியை என் மடியில் வைத்தார். வைத்துவிட்டு, கையை உடனே எடுக்கவில்லை. கொஞ்சம் கழித்து எடுத்தார். "முதுகு?" என்றார். "வலிக்கலை" என்றேன். "தைலம் ரெண்டு பாட்டில் காலி" என்றார்.

லீவு போட்டுவிட்டார்.

மார்ச் 22, ஞாயிறு

தையல்காரி ஃபோன் செய்தாள். "இன்னிக்கு ரெண்டுக்கா. ஆனா நெஜமான ரெண்டு. மாத்திரை குடுத்திருக்காங்க, தூக்கம் வருது. உங்களுக்கு எவ்வளவு?"

"நாலு" என்றேன்.

"சோதனை பண்ணிட்டுத்தானே சொல்றீங்க?"

மார்ச் 24, செவ்வாய்

நர்ஸ் அக்காவுக்கு,

இது எனக்காக எழுதின நோட்டு. இன்றைக்கு மட்டும் உங்களுக்காக எழுதுகிறேன். வியாழன்தான் உங்களைப் பார்க்க முடியும், ஆனால் நேரில் வந்தால் பழையபடி 'நல்லா இருக்கேன் அக்கா' என்று சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால் இவர் வேலைக்குப் போகும் வழியில் இந்த நோட்டையே நிலையத்தில் உங்கள் கையில் கொடுப்பார். மார்ச் மூன்றாம் தேதியிலிருந்து படியுங்கள்.

நான் கொடுத்த தாள்களைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். மற்ற நாலு பேரிடம் இருக்கிற நகல்களையும் வாங்கிவிடுங்கள். இது பொய் என்று வியாழக்கிழமை நானே அவர்களிடம் சொல்கிறேன். நீங்கள் துணைக்கு நின்றால் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

அந்த ஐந்து கட்டங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கடைசிப் படியில் உட்காருவது நன்றாகத்தான் இருக்கிறது. நேற்று பக்கத்து வீட்டுப் பெண்ணும் வந்து உட்கார்ந்தாள். ஆனால் வெயிலில் உட்கார்ந்தால் மட்டும் போகிற விஷயம் இது இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. படம் இன்றைக்கும் வந்தது, காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. தையல்காரியைக் காட்டின டாக்டரை நானும் பார்க்க வேண்டுமா? அவரிடம் எப்படிச் சொல்வது? முதல் வார்த்தை மட்டும் சொல்லிக் கொடுங்கள், மீதியை நான் சொல்கிறேன்.

உங்கள் கோப்பில் என்ன எழுத வேண்டுமோ எழுதுங்கள். நான் பயந்துதான் இருக்கிறேன். பட்டாணி என்னிடமே இருப்பாளா என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

படித்ததும் சீக்கிரம் பதில் சொல்லுங்கள், அக்கா.